கோடு தொடங்கிய வாசல்

வரைபடம் இணையத்தில் ஏறி முப்பத்தொன்பது மணி நேரம் ஆன பிறகுதான் ஷாரோன் தன் தவறைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை. அம்மா ஞானம்மா கம்பெனி கேன்டீனில் முதல் ஷிப்ட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் செய்த வேலையைத் தானே ஒருமுறை ஆசையாகப் பார்க்கலாம் என்று மடிக்கணினியைத் திறந்தாள். பார்த்த பிறகு காபியைத் தொடவில்லை.

ஷாரோன் இயற்பியல் படித்தவள். தண்டலம் பக்கத்துக் கல்லூரி. நாலு பேர் இருக்கும் இடத்தில் அவள் குரல் எழும்பாது. நேர்முகத் தேர்வுகளில் அதனாலேயே இரண்டு வேலை போனது. கடைசியில் சென்னையில் ஒரு ஆய்வுக் குழு அவளைக் களப்பணிக்கு எடுத்துக்கொண்டது. ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்பேட்டைகளுக்குள் போய்விட்ட ஊர்களின் பழைய இடங்களைக் கணினி வரைபடத்தில் குறிக்க வேண்டும். அடியில் பழைய கிராம வரைபடம், அதன்மேல் ஐம்பது வருடத்துக்கு முன் விமானத்திலிருந்து எடுத்த படம், அதற்கும் மேல் இன்றைய செயற்கைக்கோள் படம். மேலே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவைத்தால் கம்பெனிகளின் நீலத் தகரக் கூரைகள் கரைந்துபோகும். அடியிலிருந்து ஏரி எழுந்து வரும். களம் வரும், வண்டித்தடம் வரும். முதல் முறை அதைச் செய்து பார்த்த அன்று அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். “அட, நம்ம மதகு!” என்று அம்மா திரையைத் தொட்டாள்.

எந்த வரைபடத்திலும் ஏறாத இடங்களும் இருந்தன. அவற்றுக்காகத்தான் ‘நினைவு நடை’. ஊர்க்காரர் ஒருவர் முன்னால் நடப்பார். ஷாரோன் கைபேசியில் தடத்தைப் பதிவு செய்தபடி பின்னால் போவாள். நடந்த வழி படத்தில் நீலக் கோடாக விழும். நடந்தவர் பெயர் எங்கும் வராது, எண்தான். ஆனால் நடை பெரும்பாலும் அவரவர் வீட்டு வாசலில்தான் தொடங்கும். பெயரை மறைத்து வாசலைக் காட்டி என்ன பயன்? அதனால் கோட்டின் தொடக்கத்தில் இருநூறு மீட்டரை வெட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று குழுவில் விதி. அதற்கு ‘வால் நறுக்குவது’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

பதினேழாம் கோட்டுக்கு வால் அப்படியே இருந்தது. அவள் நறுக்கத்தான் செய்தாள். நறுக்கியதும் நறுக்காததும் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளாகக் கிடந்தன. மாற்றி ஏற்றியிருக்கிறாள்.

படத்தைப் பெரிதாக்கினாள். கோடு ஒரு வீட்டின் பின்வாசலில் தொடங்கியது. வெயிலுக்காக வெள்ளையடித்த மொட்டைமாடி, மூலையில் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, சுவரோரம் முருங்கையின் நிழல். அம்மா பிறந்த ஊரான நெடுந்தாங்கலில் மாடிக்கு வெள்ளையடித்தவர் ஒருவர்தான். ஊராட்சித் துணைத் தலைவராக இருந்த சுப்பராயன்.

நடந்தது சுப்பராயன் அல்ல. அவர் மனைவி வேல்விழி. அவருக்குத் தெரியாமல் நடந்தாள்.

கோடு முடிந்த இடத்தில் ஷாரோன் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தாள். தொட்டால் ஒரு வரி விரியும்: ‘பல் முளைக்காத குழந்தைகளைப் புதைத்த இடம்.’ அந்த வட்டத்தின் மேல்தான் சுப்பராயன் கம்பெனிப் பெண்களுக்கு மூன்று மாடி ஹாஸ்டல் கட்டிக்கொண்டிருந்தார்.



*

சுப்பராயனிடம் ஷாரோன் முதலிலேயே பேட்டி எடுத்திருந்தாள். மனிதர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து ஏரி, மதகு, மாட்டுவண்டிகள் இறங்கிய சத்திரம் என்று வரிசையாகச் சொன்னார். “எம் பேர கொட்ட எழுத்துல போடு பாப்பா” என்றார். பெயர் போடுவதில்லை என்று தெரிந்ததும் அவர் உற்சாகம் வடிந்துவிட்டது. சின்னக் குழந்தைகளைப் புதைக்கத் தனி இடம் உண்டா என்று அவள் கேட்டாள். “அப்டில்லாம் ஒண்ணும் கெடையாது” என்றார். வேல்விழி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது. “அவரு காஞ்சீவரம் போயிகீறாரு. நீ வா. பின்பக்கமா வா. அந்தக் கோடு போடற போனை எத்துக்கினு வா.”

பின்வாசலில் தொடங்கி, வாய்க்கால் கரையோடு போய், காலனி முனையில் டிரான்ஸ்பார்மரைத் தாண்டி, ஒரு கம்பெனியின் மதில் பின்னால் திரும்பினார்கள். வேல்விழி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஞாயிறு என்பதால் கட்டடத்தில் ஆள் இல்லை. தூண்கள் மட்டும் எழும்பி, தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. மூலைத் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“இங்கதான்.”

“இங்க என்னக்கா?”

“பல்லு மொளைக்காத புள்ளைங்கள வெக்கிற எடம். எரிக்க மாட்டாங்க. மேல ஒரு கல்லு. நாய் தோண்டாம இருக்கக் கருவேல முள்ளு. அவ்ளோதான். பேரு கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

ஷாரோனுக்குப் புரியாத ஒன்று அதில் இருந்தது. அந்த ஊரில் பெண்கள் இடுகாட்டுப் பக்கம் போகமாட்டார்கள். பெற்றவளே ஆனாலும் வாசற்படியோடு சரி. எங்கே வைத்தோம் என்று ஆண்கள் சொல்வதில்லை. பெண்கள் கேட்பதும் இல்லை. கேட்டால் அடுத்துப் பிறப்பது தங்காது என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“தெரியும்.”

அவ்வளவுதான் பதில். பிறகு ஷாரோனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எம் பேரு வரக்கூடாது. வந்துச்சுன்னா என்னை வெட்டிப் போட்ருவாரு. வெளாட்டுக்குச் சொல்லல.”

ஷாரோன் சத்தியம் செய்துகொடுத்தாள். அவள் போகும் சர்ச் சபையில் சத்தியம் பண்ணக் கூடாது என்பார்கள். பண்ணினாள்.

குழுவில் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேராசிரியரே போன் செய்து பாராட்டினார். அளக்க வந்தவர்கள் எல்லாக் காலத்திலும் ஆண்களைத்தான் கேட்டிருக்கிறார்கள், இப்படி ஒரு இடம் படத்துக்கு வருவதே அபூர்வம் என்றார். ஷாரோனுக்குப் பெருமையில் கன்னம் சுட்டது. எல்லாம் இரண்டு நாளைக்கு முன்பு.

*

குழுவின் ஒருங்கிணைப்பாளர் பூஜாவுக்குப் போன் போட்டாள். பூஜா ரயிலில் இருந்தாள்.

“பதறாத ஷாரோன். வால் நறுக்குன ஃபைல் இருக்குல்ல? அனுப்பு. இப்பவே மாத்தறேன். அப்புறம் நான் ஒரு செமினார்ல இருப்பேன், சாயங்காலம் வரைக்கும் போன் எடுக்க முடியாது. ஓகேயா?”

கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. பக்கத்தை மீண்டும் திறந்து பார்த்தாள். வெள்ளை மாடியில் கோடு இல்லை. வாய்க்கால் கரையிலும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. உயிர் வந்தது. வேல்விழிக்குச் சொல்லிவிடலாம் என்று அழைத்தாள்.

“அக்கா, பேசலாமா? பக்கத்துல இருக்காரா?”

“வெளிய கீறாரு. சொல்லு.”

“ஒரு தப்பு நடந்துச்சுக்கா. சரி பண்ணிட்டேன். கோடு உங்க வீட்டுலேர்ந்து ஆரம்பிச்சிருந்துச்சு. இப்ப வெட்டியாச்சு.”

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. அது அடங்கியதும் வேல்விழி சொன்னாள்.

“ஊரு குரூப்புல எவனோ அந்தப் படத்தப் போட்டுகீறான். காலைலேர்ந்து கத்திகினு கீறாரு. அதுல வெறும் நூலு மாதிரிதான் தெரியுது. வெங்கடேசன வரச் சொல்லிகீறாரு, பெருசு பண்ணிப் பாக்க.”

வெங்கடேசன் சுப்பராயனின் அக்கா மகன். கட்டட வேலையைப் பார்த்துக்கொள்பவன்.

“இனிமே பெருசு பண்ணாலும் தெரியாதுக்கா.”

“அப்ப இப்போ எங்கேர்ந்து ஆரம்பிக்குது?”

ஷாரோன் திரையைப் பார்த்தாள். முதல் முறையாகச் சரியாகப் பார்த்தாள். கோடு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் தொடங்கியது. காலனித் தெரு பிரியும் இடம். தெருவின் முதல் வீட்டுக்கு சிமென்ட் ஷீட் கூரை. வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ.

“காலனி மொனைலேர்ந்து.”

“யாரு வூட்டாண்ட?”

“எங்க தாவீது மாமா வீடு.”

  வேல்விழி இணைப்பைத் துண்டித்தாள்.

ஷாரோன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் அப்பாதான் அந்த ஊருக்குப் பிணக்குழி வெட்டியவர். ஊர் வாழ்ந்த காலமெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு மண்வெட்டியோடு போனவர். தாத்தா இல்லை. அவர் பிள்ளை தாவீது இருக்கிறார். அந்த இடம் தெரிந்த ஆள் இன்னும் யார் உயிரோடு இருக்கிறார் என்று எவன் யோசித்தாலும் முதலில் அந்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்பான். விதிப்படி அவள் வெட்டிய கோடும் அங்கேயே கொண்டுபோய் விட்டது. ஒருத்தியை மறைக்கப் போய் இன்னொருவரைச் சுட்டிக்காட்டிவிட்டாள். காட்டியது அந்த இடத்தைப் பார்த்தே இராத ஆளை.

பூஜாவை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். ‘செமினார்’ என்று ஒரு சொல் பதிலாக வந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டச் சொல்லி எழுதி அனுப்பினாள். அது படிக்கப்படாமல் கிடந்தது.

அதன் பிறகு தெருவில் எந்த வண்டி வந்தாலும் ஜன்னலுக்கு ஓடினாள். தண்ணீர் லாரி வந்தது. கேஸ் வண்டி வந்தது. பைக் ஒன்று வாசலுக்கு நேராக நின்றபோது அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். பார்சல் கொண்டுவந்த ஆள். பக்கத்து வீட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

*

மதியம் அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சற்று நேரத்தில் மாமாவின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. தாவீது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஆட்டோ ஓட்டுபவர். உள்ளே வரும்போதே பேச்சு வந்துவிடும்.

“இன்னா பாப்பா, மாமாவ பெரிய ஆளாக்கிட்ட? எங்கூட்டு வாசல்லேர்ந்து கோடு போட்டுகீறியாமே. ஒரகடம் ரூட்டுல கூட எனக்குன்னு ஒரு கோடு கெடையாது.”

“இன்னாடா சொல்ற?” என்றாள் ஞானம்மா.

“சுப்பராயன் கூப்ட்டு வுட்டாருக்கா. அஞ்சு மணிக்கு கட்டடத்தாண்ட வரணுமாம். ஆட்டோவோட வரணுமாம். சுடுகாட்டுக்கெல்லாம் ஷேர் போறதில்லண்ணேன்னு சொன்னேன். சிரிக்கவே இல்ல மனுசன்.”

விஷயம் முழுதும் கேட்டு முடிப்பதற்குள் அம்மாவின் முகம் மாறிவிட்டது. “நீ காட்டுனியாடா?”

“நானா? அப்பா போனப்ப நான் ஏழாவது. அந்த எடம் எங்ககீதுன்னே எனக்குத் தெரியாது. அவரு அதப் பத்தில்லாம் வூட்ல பேசுவாரா இன்னா?”

அம்மா ஷாரோன் பக்கம் திரும்பினாள். “அப்ப யாருடீ காட்னது?”

ஷாரோன் தரையைப் பார்த்தாள்.

“உன்னத்தான் கேக்கறேன். யாரு?”

“சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்மா.”

“ஒம் மாமன அடிச்சுக் கைய கால ஒடிச்சுட்டான்னா உன் வாக்கு வந்து கஞ்சி ஊத்துமா?”

“சொன்னா அவங்கள கொன்னுடுவாங்கம்மா.”

‘அவங்க’ என்றதோடு நிறுத்திக்கொண்டாள். அம்மா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். தாவீது கையமர்த்தினார்.

“வுடுக்கா. சின்னப் பொண்ண ஏன் மெரட்டற? போய்ப் பேசிட்டு வரேன். அடிக்கல்லாம் மாட்டாங்க. இப்பல்லாம் எல்லாத்துக்கும் கேஸு கீது.”

சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றி டிவி பக்கத்தில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வைத்தார். ஷாரோன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் வர்றேன் மாமா” என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

*

ஷிப்ட் விடும் நேரம். சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஆட்டோ மண்பாதையில் இறங்கி மதில் பின்னால் திரும்பியதும் அந்தச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. கூலி வாங்கிக்கொண்டு கட்டட ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். தூண்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சுப்பராயன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெங்கடேசன். ஆட்டோ நின்றதும் அவன் வந்து சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

“வாடா தாவீது.”

“வணக்கம்ண்ணே.”

“அண்ணனா? ஒங்கப்பன் என்னை ஐயாம்பான்.”

“அவரு செத்துட்டாருண்ணே.”

சுப்பராயன் சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. “திங்கக்கெழம கம்பெனிக்காரன் வந்து கையெழுத்துப் போடணும். எரநூறு பொண்ணுங்க தங்கப் போவுது. காலைல போன் பண்றான், சார் அது பொதைக்கிற எடமாமேன்னு. இது பொதைக்கிற எடமா? கருவேலங்காடு. நான் பொறந்ததுலேர்ந்து கருவேலங்காடு. எவன் கெளப்பி வுட்டான்?”

“எனக்குத் தெரியாதுண்ணே.”

“பொம்பளைங்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஆம்பளையில சொல்றதுக்குன்னு எவன் கீறான்? நீதான் கீற. கோடும் உன் வூட்டாண்டதான் ஆரம்பிக்குது. வெங்கடேசா, போன்ல வீடியோ புடி. தோ பாரு தாவீது, நான்தான் காட்டினேன், துட்டுக்கு ஆசப்பட்டுப் பொய் சொன்னேன்னு சொல்லிட்டுப் போய்க்கினே இரு. உன் ஆட்டோ உனக்கு.”

“செய்யாதத எப்டிண்ணே சொல்றது?”

வெங்கடேசன் கீழே கிடந்த சென்ட்ரிங் பலகை ஒன்றை எடுத்தான். மாமாவிடம் போவான் என்று ஷாரோன் நினைத்தாள். ஆட்டோவிடம் போனான். ஒரே அடி. முன்விளக்கு நொறுங்கி மண்ணில் கொட்டியது. தாவீது அசையாமல் நின்றார். 

“மாமா காட்டல” என்றாள் ஷாரோன்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அதுவரை அவள் அங்கே இருப்பதே நினைவில்லாதவர்கள் மாதிரி.

“பின்ன கோடு ஏம்மா அங்க ஆரம்பிக்குது?” என்றார் சுப்பராயன்.

“அங்க ஆரம்பிக்கல. நாங்க வெட்டிட்டோம். எல்லாக் கோட்டையும் வெட்டுவோம். யாரு வீடுன்னு தெரியாம இருக்க.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சுப்பராயன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

“வெட்டாதது எங்க கீது?”

 ஷாரோனின் கை சுடிதார்ப் பையை இறுக்கிப் பிடித்தது. அதுவே பதிலாகிவிட்டது.

“போனைக் குடும்மா.”

“மாட்டேன்.”

“குடுக்காத பாப்பா” என்றார் தாவீது. யாரைக் காப்பாற்றச் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்னார். சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் வந்து நின்றார். பலகை இந்த முறை அவர் தாடையில் இறங்கியது. முட்டி போட்டு விழுந்தார். வாயிலிருந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. ஷாரோன் கத்தினாள். கம்பெனியின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கத்தல் மதிலைத் தாண்டியிருக்காது.

வெங்கடேசன் அவள் மணிக்கட்டை முறுக்கிப் போனைப் பிடுங்கினான். பூட்டு போட்டிருந்தது. அவள் கட்டை விரலை இழுத்துத் திரையில் அழுத்தினான். அவள் விரலை மடக்கிக்கொண்டாள். நிமிர்த்தி மறுபடி அழுத்தினான். எலும்பு முறிந்துவிடும் போலிருந்தது. திரை திறந்துகொண்டது.

“எங்க மாமா தேடறது?”

“மேப்புன்னு எதுனா இருக்கும், பாரு. பதினேழுன்னு நம்பர் போட்டுகீதுல்ல, அதப் பாரு.”

ஷாரோன் தாவீது மாமாவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வெங்கடேசனின் விரல் திரையில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பதினான்கு. பதினைந்து. கோடு திறக்கும். அதன் தொடக்கத்தை இழுத்துப் பெரிதாக்குவான். வெள்ளை மாடி தெரியும். அவன் அத்தை வேல்விழி வீட்டு முருங்கை தெரியும். அவனுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? வேல்விழி இந்நேரம் வீட்டில் தனியாக இருப்பாள். தாழ்ப்பாள் போட்டிருப்பாளா? ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினாள். ஒரு சொல்லும் வரவில்லை.

“ஏய்!” என்றார் சுப்பராயன்.

கண்ணைத் திறந்தாள். வாய்க்கால் கரையிலிருந்து வேல்விழி இறங்கி வந்துகொண்டிருந்தாள். நைட்டி, தோளில் ஒரு துண்டு. காலில் செருப்பு இல்லை. சமையல் கட்டிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவள் மாதிரி இருந்தாள்.

“நீ எங்கடீ வந்த? பொம்பளைங்க வர்ற எடமா இது?”

சொன்ன பிறகு அவரே நிறுத்திக்கொண்டார். வெங்கடேசன் போனிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான்.

தாவீது ரத்தத்தைத் துப்பினார். “கருவேலங்காட்டுக்குப் பொம்பளைங்க வரக்கூடாதாண்ணே?”

யாரும் அவரை அடிக்கவில்லை. வேல்விழி கம்பிகளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கணவனைத் தாண்டிப் போனாள். மூலைத் தூணுக்குப் பக்கத்தில் போய், அன்று நின்ற அதே இடத்தில் நின்றாள்.  நைட்டியின் ஓரம் ஆடிக்கொண்டிருந்தது.

“வெங்கடேசா, போனை அந்தப் பொண்ணுகிட்ட குடு.”

“அத்த, நீங்க வூட்டுக்குப் போங்க.”

“குடுடா. அதுல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் காட்னேன்.”

சுப்பராயன் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் அருகில் போய் நின்றபோது அவள் அவர் நெஞ்சளவுதான் இருந்தாள். அவர் கை மேலே போனது. அவள் தலையைக் குனியவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. 

“இன்னாடீ ஒளர்ற? நீ இன்னாத்தக் கண்ட? ஒனக்கு எப்டித் தெரியும்?”

“தெரியும்.”

“எப்டித் தெரியும்னு கேக்கறேன். எவன் சொன்னான்? இவங்கப்பன் சொன்னானா?”

“யாரும் சொல்லல.”

“பின்ன?”

வேல்விழி தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அதைவிடச் சன்னமாகத்தான் பேசினாள். ஆனாலும் அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது.

“வெடியக் காலம். மழ தூறிகினு இருந்துச்சு. எம் புள்ளைய துண்டுல சுத்தித் தோள்ல போட்டுகினு நீங்க முன்னால போனீங்க. இவங்கப்பா மம்முட்டியோட பின்னால போனாரு. நான் உள்ள மயக்கமா கெடக்கறேன்னு எல்லாரும் நெனச்சீங்க. வாய்க்கா கரையோட, ஒங்க பின்னாலயே வந்தேங்க நானு. இந்தத் தூணுக்குக் கீழதான் கீறான் நம்ம புள்ள.”